டாக்டர் வீட்டுக் கோணல் துப்பாக்கி

மிடில்டன், டீஸ்டேல்,
19 செப்டம்பர் 1993

அன்புத் தம்பி நெவிலுக்கு,

அண்ணன் ஆல்வின் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மூரியலும் முன்னூறு ஆடுகளும் சுகம். அங்கே நியூசிலாந்தில் நீயும் ராபினும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் அட்டையைத் தவிர வேறு எதற்கும் பேனா எடுக்காத அண்ணன் செப்டம்பரில் கடிதம் போடுகிறானே, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே. டாக்டர் பிக்கர்ஸ்கில் மட்டும் பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தார். தொண்ணூற்றொரு வயது, தூக்கத்திலேயே போய்விட்டார். கொடுத்துவைத்தவர்.

நெவில், இனி அடக்கமுடியாது, சொல்லிவிடுகிறேன். அவர் வீட்டு இரட்டைக்குழல் துப்பாக்கி இப்போது என்னிடம் இருக்கிறது! அதேதான்டா. ஊசி போட்டுக்கொள்ள உட்கார்ந்திருந்த அறையில், கணப்புக்கு மேலே தொங்குமே, அது. பக்கத் தகட்டில் இரண்டு காட்டு உள்ளான் பறவைகள் செதுக்கியிருக்குமே. பெரியவனானதும் அது யாருக்கு என்று நமக்குள் சண்டை வந்து நீ என் காதைக் கடித்தாயே. தழும்பு இன்னும் இருக்கிறது, மூரியலிடம் காட்டினேன்.

பத்தொன்பது வருடமாக நான் உனக்கு எழுதிய எதிலும் துப்பாக்கி என்ற சொல் வந்ததில்லை. உன் வலது கண் போன நாளுக்குப் பிறகு நீயும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை, துப்பாக்கியைத் தொட்டதும் இல்லை. எனக்குத் தெரியும். ஆனால் இந்தத் துப்பாக்கி என்ன என்று புரிந்துகொள்ள இந்த உலகத்தில் உன்னைவிட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஆகவே பாதியில் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி. சும்மா பெருமை அடித்துக்கொள்ள எழுதவில்லை.

மே மாதம் பார்னார்ட் காசிலில் டாக்டர் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். முதல் நாள் இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஏலத்துக்கு முன் பொருட்களைப் பார்க்கவிடும் நேரத்தில், மஞ்சள் கோட்டுப் போட்ட டார்லிங்டன் வியாபாரி ஒருவன் அதைக் கையில் எடுத்தான். தோளில் வைத்துப் பார்த்தான், குழலின் மேல் ஒரு கண்ணை ஓட்டினான், மூக்கால் சிரித்தான். "தோள்ல வைக்கிற கட்டை முறுக்கிக்கிச்சுப்பா. அம்பது வருஷம் அடுப்புச் சூட்டுல தொங்கினா வேற என்ன ஆகும்? விறகுக்குத்தான் ஆகும்" என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டான். அவனைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டிருப்பேன். ஏலத்தில் எனக்குப் போட்டியே இல்லை. ஒரு நல்ல கிடாவின் விலையில் முடிந்துவிட்டது. கையைத் தூக்கியவன் இறக்க மறந்துபோனேன், ஏலக்காரர்தான், "ஹார்க்கர், உங்களுக்கே விழுந்துடுச்சு, கையக் கீழ போடுங்க, இல்லன்னா அடுத்து வர்ற பியானோவும் உங்க தலையிலதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் துடைத்தேன், எண்ணெய் போட்டேன், மறுபடியும் துடைத்தேன். மூரியல் சும்மா இருப்பாளா? "கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல என் முட்டிக்கு ஒரு நாள் இப்படித் தைலம் தேச்சிருக்கியா?" என்றாள். பிறகு கொட்டகைக்குப் பின்னால், நான் சுட்டுப் பார்க்கக் களிமண் தட்டுகளை அவளே வீசிவிட்டாள். பன்னிரண்டு தட்டு வீசினாள். பன்னிரண்டும் முழுசாகப் புல்லில் இறங்கின. கட்டை கோணல் என்றேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனால் கூடம் நிஜமாகவே கோணல்தான், நெவில். தோளில் வைத்தால் கட்டை இடப்பக்கமாக வளைந்து போகிறது, குழல் வலது கண்ணுக்கு நேரே வரவே மாட்டேன் என்கிறது. பாவம், டாக்டர் ஆயுளில் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை என்று ஊரே சிரிக்குமே, காரணம் இதுதான். அவர் வாங்கும்போதே அது பழைய சாமான், கோணலும் அப்போதே இருந்திருக்க வேண்டும்.

துப்பாக்கி பழுது பார்க்கும் கத்பர்ட்டை நினைவிருக்கிறதா? கிழவன் இன்னும் கடையை மூடவில்லை. கட்டையை நிமிர்த்தித் தா என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். சூடான எண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றி, சட்டத்தில் மாட்டி, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி நிமிர்த்துவான். எண்ணெயை அடுப்பில் வைத்துவிட்டு, கட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தான். பிறகு அடுப்பை அணைத்துவிட்டான். "ஆல்வின், சூட்டுல தானா முறுக்கின கட்டை இப்படி இருக்காது. ஏதாவது ஒரு மூலையில வெடிப்பு விட்டிருக்கும். இது யாரோ வேணும்னே, அளவெடுத்து, அழகா வளைச்சது. யாருக்குச் செஞ்சதுன்னு முதல்ல கண்டுபிடி. அப்புறம் நிமித்தலாம்" என்றான்.

அன்றிலிருந்து எனக்குப் பேய் பிடித்த மாதிரிதான். புல் அறுக்கும் காலத்தில் புல்லை விட்டுவிட்டு வரிசை எண்ணின் பின்னால் அலைந்தேன். குழலுக்கு அடியில் எண் இருந்தது, நியூகாசில் லோகன்பி கம்பெனி என்ற பெயரும் இருந்தது. அந்தக் கம்பெனி மூடி நாற்பது வருடம் ஆகிறது. ஆனால் பழைய பதிவேடுகளை அங்கே வேலை பார்த்த ஓர் அம்மாள் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறாராம். எழுதிப் போட்டேன். ஆறு வாரம் பதில் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டாலே தூரத்திலிருந்து "இன்னிக்கும் இல்ல" என்று கத்திவிட்டுப் போனார்.

ஆகஸ்டு பதினொன்றாம் தேதி வந்தது. களத்தில் நின்றபடியே பிரித்தேன். அந்த அம்மாள் பதிவேட்டை அப்படியே பார்த்து எழுதியிருந்தார், நானும் அப்படியே எழுதுகிறேன்:

"ஜோசியா ரெயின், கல்குவாரி மேஸ்திரி, மிடில்டன். நவம்பர் 1911. வலது கண் இல்லை. வலது தோளில் வைத்து இடது கண்ணால் குறி பார்க்கும்படி கட்டையை வளைக்கவும். மூன்று முறை அளவு பார்க்கப்பட்டது. பக்கத் தகட்டில் உள்ளான்கள்."

நான் போட்ட சத்தத்தில் மூரியல் கையில் மாவோடு ஓடி வந்தாள், யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து. அவளிடம் காகிதத்தை நீட்டினேன். படித்தாள். இரண்டு பேரும் உன் பெயரைச் சொல்லவில்லை.

நம்ம ஊர்க்காரன், தம்பி! மாதாகோவில் பதிவில் ரெயின் குடும்பத்தைத் தேடி, எகிள்ஸ்டனில் அவருடைய பேத்தி திருமதி டின்ஸ்டேல் இருக்கிறார் என்று கண்டுபிடித்து, ஞாயிற்றுக்கிழமை டை கட்டிக்கொண்டு போனேன். தேநீரும், பழக் கேக்கின் மேல் பாலாடைக்கட்டியும் வைத்து உபசரித்தார். சுவரிலிருந்து ஒரு போட்டோவைக் கழற்றிக் கையில் கொடுத்தார். குள்ள மனிதர், கண்ணில் கறுப்புத் துணி, காலடியில் ஒரு ஸ்பானியல் நாய், கையில் என் துப்பாக்கி. வாயெல்லாம் சிரிப்பு.

வெடி வைத்தபோது கற்சில்லு தெறித்துக் கண் போனதாம். இரண்டு வருடம் மனிதர் ஞாயிற்றுக்கிழமையில் வெளியே தலைகாட்டவில்லையாம். கடைசியில் குவாரிக்காரர்கள் வீட்டுக்குள்ளேயே வந்து, "கண்ணு ஒண்ணுதான் போச்சு, கை ரெண்டும் இருக்குல்ல, ஏறுய்யா ரயில்ல" என்று சட்டைக் காலரைப் பிடித்து நியூகாசிலுக்கு இழுத்துப் போனார்களாம். செலவும் அவர்களுடையதுதான். திருமதி டின்ஸ்டேல் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "எங்க தாத்தா எழுபத்திரண்டு வயசு வரைக்கும் சுட்டாரு. ரெண்டு கண்ணு இருக்கிறவங்களுக்கு விட்டுக்குடுத்து விட்டுக்குடுத்து அலுத்துப்போச்சும்பாரு" என்றார். டார்லிங்டன் நூலகத்தில் பழைய செய்தித்தாளைப் பார்த்தேன், பொய் இல்லை. 1913 கண்காட்சியில் இருபது தட்டுக்குப் பதினெட்டு உடைத்துக் கோப்பை வாங்கியிருக்கிறார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குப் பின்னால் போனேன். வலது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினேன். குழல் இடது கண்ணுக்கு நேரே, நூல் பிடித்தாற்போல வந்து நின்றது. மூரியல் தட்டை வீசினாள். தூள்! இன்னொன்று, அதுவும் தூள். மூன்றாவதை அவள் வீசவில்லை. நான் தீவனத் தொட்டியின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

முப்பத்தைந்து வருடம் ஆசைப்பட்டது கைக்கு வந்திருக்கிறது, எனக்கு அது நாய் பெற்ற தெங்கம்பழம். கத்பர்ட் சொல்கிறான்: "ஒரு பகல் வேலை, உன் கண்ணுக்கு நிமித்திடுவேன். ஆனா திரும்பி வளைன்னு வந்து நிக்காத. எண்பது வருஷக் கட்டை, ரெண்டாவது தடவை பொளந்துடும். யோசிச்சுச் சொல்லு." யோசித்துக்கொண்டே ஒரு மாதம் ஓட்டினேன். மூரியல்தான் நேற்றுக் காலைச் சாப்பாட்டில் பொரித்த முட்டையை என் முன்னால் வைத்துவிட்டு, "யாருக்காகக் காத்திருக்கேன்னு எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரிய வேணாமா? எழுது. எல்லாத்தையும் எழுது" என்றாள்.

எல்லாவற்றையும் என்றால் இதையும்தான்.

அன்று ஆஸ்பத்திரியில், தலையில் கட்டோடு படுத்துக்கொண்டு, அப்பாவிடமும் போலீஸ்காரரிடமும் நீ சொன்னாய்: "நான்தான் வேட்டை வரிசைய விட்டு முன்னால போயிட்டேன். அண்ணன் மேல தப்பு இல்ல." நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன். நீ ஓர் அடிகூட நகரவில்லை, நெவில். அப்பா நிறுத்திய இடத்தில், வேலி மூலையில்தான் நின்றாய். உள்ளான் உன் தலை உயரத்தில் தாழப் பறந்து வந்தது. தாழ வரும் பறவையைச் சுடக்கூடாது என்று நமக்குப் பால்குடி வயதிலிருந்தே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நீ அங்கே நிற்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் விட மனசில்லாமல் சுட்டேன். அப்பா சாகிறவரை, "சின்னவனுக்கு எப்பவுமே அவசரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். உன் கண்ணையும் எடுத்து, உன் பெயரையும் கெடுத்து, ஊரையும் நிலத்தையும் நானே வைத்துக்கொண்டேன். என்னை மன்னித்துவிடு. இந்த வார்த்தையை எழுதப் பத்தொன்பது வருடம் ஆகியிருக்கிறது, அதற்கும் சேர்த்து.

இன்று காலை கத்பர்ட்டிடம் போய், கட்டையை நிமிர்த்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் அது வளைந்தபடியேதான் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவன் இங்கே சுட வேண்டுமானால் போலீஸில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். உள்ளூர்க்காரன்தான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டுமாம். படிவத்தை நிரப்பிவிட்டேன். உன் உயரம்கூட நினைவில் இருந்து எழுதினேன். பாஸ்போர்ட் எண் ஒன்றுதான் பாக்கி. ஆறு வாரத்தில் கிடைத்துவிடும், நீ டிசம்பரில் உள்ளான் காலத்துக்கு வரத் தாராளமாக நேரம் இருக்கிறது. எண்ணை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதி அனுப்பு. திட்ட வேண்டும் என்றால் நாலு பக்கம் திட்டு, எண்ணை அதற்கு அடியில் போடு.

வேலியோரமாக மேட்டுக்கு ஏறுவோம். துப்பாக்கி உன் கையில்தான் இருக்கும். உனக்குப் பார்வை இல்லாத பக்கத்தில் நான் வருகிறேன், புதரைத் தட்ட ஒரு குச்சி மட்டும் எடுத்துக்கொண்டு. வாடா தம்பி.

உன் கையெழுத்துக்குக் காத்திருக்கும்
அண்ணன்
ஆல்வின்