வடகோடிக்குப் போகும் கத்தி

6 மார்ச் 2004, சனி. செவன் கிங்ஸ், லண்டன்.

நோர்வேயின் வடகோடியில், வாரங்கர் குடாநாட்டில், நாங்கள் ஏழு வருடம் இருந்த ஊரிலிருந்து இன்று இவருடைய பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. ஊர் நூதனசாலையில் மீன் தொழிற்சாலைத் தமிழர்களுக்கும் ஒரு மூலை ஒதுக்குகிறார்களாம். அந்தக் காலத்துச் சாமான் ஏதாவது தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

இவருக்குத் தலைகால் புரியவில்லை. காலை முழுக்கத் தொலைபேசியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் அந்தக் குடாநாட்டின் சரித்திரம்தான். மரமே முளைக்காத நிலம், இரண்டு மாதம் சூரியன் எழும்பாத குளிர்காலம், பஞ்சத்துக்குத் தப்பி வந்த பின்லாந்துக்காரர், யுத்தத்தில் எரிந்த ஊரைத் திரும்பக் கட்டிய சனம். "அவைக்குப் பிறகு நாங்கள்தான்," என்று ஒவ்வொரு முறையும் முடித்தார்.

விரல் விறைக்க விறைக்க அங்கே மீன் வெட்டியது நான். கடிதத்தில் என் பெயர் இல்லை. மத்தியானம் சோற்றுக் கோப்பையைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

பின்னேரம் குசினிக்குள் போனால், என் மீன் கத்தியைக் கழுவித் துடைத்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம். அதில் என் முழுப் பெயரும், கீழே நோர்வே மொழியில் 'மீன் வெட்டியவர்' என்றும் எழுதியிருந்தது.

"உங்கட பேர் எங்க?" என்றேன்.

"நான் பெட்டி தூக்கினவன்தானே. கத்தி உம்மட."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு டேப்பைத் தேடினேன். இருவரும் சேர்ந்து பார்சலை இறுக்கி ஒட்டி முடித்த பிறகுதான், நாளைக்கென்று வாங்கிய விளைமீன் பிரிட்ஜில் முழுசாகக் கிடப்பது நினைவு வந்தது. வீட்டில் வேறு நல்ல கத்தி இல்லை.

நாளைக்குப் பருப்புத்தான்.