மீனம்மாவும் பேய் நாகசாமியும்

1959 ஜூன் 9, செவ்வாய்

மழை விடவில்லை. மீனம்மா நேற்றும் தூங்கவில்லை. கொழுந்தன் சின்னராசா போன மாதம் அவளை அட்டன் டவுனுக்குக் கூட்டிப்போய் அந்தக் கிணற்றுப் பேய்ப் படத்தைக் காட்டியதிலிருந்து இப்படித்தான். எட்டு வயதுப் பிள்ளை. கண்ணை மூடினால் பேயாக நடிக்கும் அந்த நாகசாமி வந்து நிற்கிறானாம், சிரிக்கிறானாம். சோறு இறங்குவதில்லை. பாவாடை இடுப்பில் நிற்பதில்லை. பகலில் என்னோடு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு வந்து, நான் பார்த்துக்கொள்ளும் கைக்குழந்தைகளுக்கு நடுவில் சுருண்டு கிடக்கிறாள்.

ஜூன் 11

அத்தை பேயோட்டும் கோடாங்கிக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். செவ்வாய்க்கிழமை வருகிறாராம். "பிள்ளை மேல ஏறினது அடிச்சாத்தான் எறங்கும்" என்கிறார் அத்தை. போன வருசம் கீழ் லயத்து வீட்டு அழகம்மாவைப் புளிய விளாரால் அந்த ஆள் அடித்ததைப் பார்த்தவள் நான். அந்தப் பிள்ளையின் முதுகுக்கு மஞ்சள் அரைத்துப் போட்டவளும் நான்தான். எம்பிள்ளை மேல அது படுறதா?

மீனம்மாவின் அப்பாவிடம் அழுதேன். "அம்மா முடிவு பண்ணிட்டாங்க. நான் என்னத்தச் சொல்ல" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜூன் 12

கடையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அட்டனில் நாகசாமி விழாவாம். காலையிலிருந்து அவர் நடித்த பேய்ப் படங்கள். மத்தியானம் மதராசிலிருந்து அவரே மேடைக்கு வருகிறாராம்.

படத்தில் பார்த்துப் பயந்தவள் ஆளை நேரில் பார்த்தால் தெளிவாளா? இன்னும் மோசமானால்? — பேசாமல் இருந்தால் செவ்வாய்க்கிழமை வந்துவிடும்.

ஜூன் 13

நாளைக்கு அவரை நேரில் பார்க்கப் போகலாம் என்று மீனம்மாவிடம் சொன்னேன். அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்பா, "நானும் வர்றேன்" என்றார்.

ஜூன் 14, ஞாயிறு

தியேட்டர் வாசலில் நாகசாமியின் பேய் முகத்தை ஆள் உயரத்துக்கு எழுதி மாலை போட்டிருந்தார்கள். மீனம்மாவை அவள் அப்பா தோளில் தூக்கி, துண்டால் கண்ணை மறைத்து அதைத் தாண்டிப் போனார். படம் முடியும்வரை நாங்கள் உள்ளே போகவில்லை. ஜனங்கள் அலறும் சத்தம் வெளியே வரும்போதெல்லாம் பிள்ளைக்கு உடம்பு தூக்கிப் போட்டது. தப்புப் பண்ணிட்டேனோ, திரும்பிடலாமோ என்று எத்தனை தடவை நினைத்திருப்பேன்.

மத்தியானம் மேடையில் ஏறியவர் ஒல்லியான வயசாளி. வெள்ளை வேட்டி, தலையைச் சுற்றி மப்ளர், குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். எல்லோரும் கேட்டதால் அந்தச் சிரிப்பைச் சிரித்தார். மீனம்மாவின் நகம் அவள் அப்பா கழுத்தில் பதிந்துவிட்டது. ஆனால் சிரிப்பு பாதியிலேயே இருமலாகிப் போனது. பாவம், தண்ணீர் கொடுத்தார்கள்.

அவர் கீழே இறங்கியதும் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, எம்பிள்ள ஒங்க படத்தப் பாத்துட்டு ராத்திரியில தூங்குறதே இல்லீங்க. நீங்களும் மனுசன்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் முகம் வாடிவிட்டது. "அட, என்ன தாயி" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். வேட்டி விலகியது. கணுக்காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. காலையில் தேயிலை மலையைச் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். குனிந்து பார்த்தவர் வெளிறிப்போய்க் காலை உதறினார். "என்னது அது, என்னது" என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

மீனம்மா தோளிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அட்டைம்மா" என்றாள். பிறகு, "எறக்கி விடுப்பா."

இறங்கிப் போய் அவர் காலடியில் குந்தினாள். நகத்தால் நெம்பி எடுத்து, உருட்டித் தூர எறிந்தாள்.

"எடுத்துட்டியா கண்ணு?" அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னொரு கால்லயும் இருக்கு. ஆடாம இருங்க."

அதையும் எடுத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அட்டைக்குப் போயா பயப்படுவீங்க?"

"எனக்கு ரொம்பப் பயம் தாயி."

"குளிக்கிற சவுக்காரத்தக் காலுக்குப் பூசிட்டுப் போங்க. ஒட்டாது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எம்பிள்ளை சிரிச்சா. அவர் அவள் தலையில் கை வைத்தார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனாள். எங்கள் ஊர் லிந்துலையில் இறக்கித் தூக்கிக்கொண்டு நடந்தபோதும் விழிக்கவில்லை. எனக்குத்தான் மனது அடங்கவில்லை, மூக்கருகே கை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 15

இன்றும் தூங்கினாள். கஞ்சி குடித்தாள். இன்னும் கொஞ்சம் என்று கேட்டாள்.

ஜூன் 16, செவ்வாய்

சாயங்காலம் கோடாங்கி உடுக்கையும் விளாருமாக வந்துவிட்டார். மீனம்மா உள்ளே படுத்திருந்தாள். அத்தை எட்டிப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், "பிள்ள அசந்து தூங்குது. எழுப்ப மனசு வரல. நீங்க தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

நான் அடுப்படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதேன். மீனம்மாவின் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ஜூன் 28, ஞாயிறு

மழை விட்டு வெயில் அடித்தது. லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வெளியில்தான். விளக்கு வைக்கும் நேரம் தாண்டியும் மீனம்மா விளையாட்டை விட்டு வரவில்லை. "பொட்டப்பிள்ளையக் கூப்பிடு, இருட்டிப் போச்சு" என்று அத்தை உள்ளேயிருந்து சத்தம் போட்டார்.

வாசல் வரை போனேன். இருட்டுக்குள் அவள் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. கொஞ்ச நேரம் கூப்பிடாமல் நின்றேன்.