மதாம் இர்மெலியைப் பற்றி உனக்குச் சொல்லாதது

லா ஷப்பேல், பாரிஸ்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நிருபாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் சுகம். ஹெல்சிங்கிக் குளிருக்குக் காலுறை இரண்டாகப் போடு. பியானோச் சோதனையில் நன்றாக வாசித்தாய் என்று நீ வெள்ளிக்கிழமை சொன்னதும், அப்பா தான் வேலை செய்யும் கடையில் நின்றவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தாராம். நான் போனில் அதிகம் பேசவில்லை என்று குறைப்பட்டாய். சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்குப் பியானோ சொல்லித்தந்த உன் மதாம் இர்மெலி இறந்துவிட்டார். இன்றைக்குப் பன்னிரண்டு நாள். நியூமோனியா வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். தகனமும் முடிந்துவிட்டது.

சோதனை இருக்கும் பிள்ளைக்கு எங்கள் ஆட்கள் செத்தவீட்டுச் செய்தி சொல்வதில்லை. சோதனை முடியட்டும், பிறகு சொல்லுவம் என்றார் அப்பா. நானும் ஓம் என்றேன். அவரைக் குறை சொல்லாதே.

தகனத்துக்கு ஒன்பது பேர் வந்தோம். பின்லாந்திலிருந்து அவருடைய அக்கா மகன், பழைய மாணவர்கள் ஐந்து பேர், அவருக்கு மேல்மாடியில் இருக்கும் ழான்-லூக், நாங்கள் இருவர். ஒரு மாணவர் மதாமின் வாழ்க்கையைத் தாளில் எழுதி வந்து வாசித்தார். பதினாறு வருடம் அந்த வீட்டைத் துடைத்த எனக்கு அதில் பாதி தெரியாது. குவோப்பியோ என்ற ஊரில் பிறந்தவர். தகப்பன் மர ஆலைத் தொழிலாளி. பத்தொன்பது வயதில் படிக்கப் பாரிஸ் வந்தவர். லண்டன், தோக்கியோ எல்லாம் போய் வாசித்தவராம். பதினொரு இசைத்தட்டுகள். ஐம்பத்திரண்டு வயதில் வலது கைச் சின்னவிரல் சொல்வழி கேட்காமல் மடங்கத் தொடங்க, மேடை முடிந்துபோனது. அதற்குப் பிறகுதான் எங்கள் தெருப் பக்கம் வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஏழு வயதில் நீ கதிரையில் ஏறி அவருடைய பியானோவைத் தட்டியதும், நான் பதறிக்கொண்டு ஓடிவர, அவர் இன்னொரு தரம் தட்டு என்று உன்னிடம் சொன்னதும் அந்தத் தாளில் இல்லை.

இன்னொன்றும் இல்லை. அது எனக்கு மட்டும் சொன்னது. இருபத்தாறு வயதில் வியன்னாவில் அவருக்குக் கச்சேரி. அன்று காலை அவருடைய தகப்பன் இறந்துவிட்டார். ஏற்பாட்டாளர் தந்தியைச் சட்டைப்பையில் வைத்திருந்து, கைதட்டல் முடிந்த பிறகு கொடுத்தாராம். நல்லதுக்குத்தான் செய்தார், ஆனாலும் அந்த மனிதனை இன்றுவரை மன்னிக்கவில்லை என்றார் மதாம். நான் யன்னலைத் துடைத்தபடி தலையாட்டினேன். இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் உன்னிடம் மறைத்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை. தகனத்திலிருந்து வரும் வழியில் முருங்கைக்காய் வாங்கி வந்து சமைத்தேன். உப்புக் கூடிப்போனது என்று அப்பா சொல்லித்தான் தெரிந்தது. போன செவ்வாய் வழக்கம்போல ஒன்பது மணிக்கு மதாம் வீட்டுக்குப் போய்ப் பியானோவைத் துடைத்தேன். பாதியில்தான் யாருக்காகத் துடைக்கிறேன் என்ற நினைப்பு வந்தது. மீதியையும் துடைத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

இனி எழுதுவது அப்பாவுக்கும் தெரியாது. சாவதற்கு முதல் நாள் மதாம் உன்னோடு பேச வேண்டும் என்றார். ஒரு நிமிடம் போதும், நிருபாவை அழை என்றார். அந்தக் குரலைக் கேட்டால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்தேன். போனைக் காதில் வைத்தேன். நம்பர் போடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, எடுக்கிறாள் இல்லை மதாம் என்றேன். அவர் சிரித்தார். வாசித்துக்கொண்டிருப்பாள், குழப்பாதே என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் தனக்காகக் கேட்டது அது ஒன்றுதான்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகம் இல்லை. கோபம் வந்தால் பிரெஞ்சிலேயே திட்டு, எனக்கு விளங்கும். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. கடிதம் வந்து சேர ஒரு கிழமைக்கு மேல் ஆகுமாம். இரண்டு ஞாயிறு கழித்துப் பின்னேரம் மூன்று மணிக்கு அழைப்பேன். நீ எடுக்காவிட்டால், வாசித்துக்கொண்டிருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்வேன்.

நன்றாயிரு, பிள்ளை.

உன் அம்மா
திலகம்