மணக்காத சட்டைகள்

மச்சான்,

மேசையில் ஐந்து சவர்க்காரங்கள். ஐந்தும் ஆண்களுக்கானவை என்று பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. கொழும்பில் உள்ள ஓர் இணையக் கடை அனுப்பியது. ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். நுரை, மணம், மணம் உடம்பில் நிற்கும் நேரம். பத்துக்கு எத்தனை புள்ளி என்று போட வேண்டும். பண்டாரவளையில், மரக்கறிக் கடைகளுக்கு மேலே ஓர் அறையில் உட்கார்ந்து இதைச் செய்கிறேன். கெம்பஸில் தமிழ் படித்தவனுக்கு இப்படியும் ஒரு வேலை.

சந்தனம்: முதல் நிமிடம் கம்பீரம், பிறகு கோயில் வாசல் கடை. ஏழு.

கரியும் புதினாவும்: பல் விளக்கியது போல இருக்கிறது. நான்கு.

தேவதாரு: புது அலுமாரிக்குள் தலையை விட்டது போல. ஆறு.

நான்காவதின் தாளைப் பிரித்தேன். வெட்டிவேர், அதன் மேல் கொஞ்சம் தேசிக்காய்ப் புளிப்பு.

பேனாவை வைத்துவிட்டேன். நீங்கள் அறையில் நின்றீர்கள். முகத்தைச் சற்றுத் தூக்கி, கண்ணை மூடி, மூச்சை மட்டும் உள்ளே இழுத்தபடி.

இந்தச் சவர்க்காரத்தை நீங்கள் ஒருநாளும் தேய்த்துக் குளித்ததில்லை. ஆனாலும் ஏழு வருடமாக எனக்கு இதுதான் உங்கள் மணம்.

*

தோட்டத்துத் தேயிலை ஆலையில், நம் ஸ்டோரில், உங்களுக்குச் சாம்பிள் அறையில் வேலை. அன்றன்று அரைத்த தேயிலையில் சாயம் இறக்கிக் கிண்ணங்களில் ஊற்றிவைப்பீர்கள். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா உறிஞ்சித் துப்பிப் பார்ப்பார். கொழும்புக்கு அனுப்பும் சாம்பிள்களைத் தாள் பைகளில் கட்டி அலுமாரியில் வைப்பதும் நீங்கள்தான்.

"தேயிலை கள்ளன்டா," என்பீர்கள். "பக்கத்துல எது இருந்தாலும் அதோட வாசத்த எடுத்துக்கும்."

அதனால் அந்த அறைக்குள் போகிறவர்கள் பவுடர் பூசக் கூடாது. தலைக்கு வாசனை எண்ணெய் கூடாது. மணக்கும் சவர்க்காரம் கூடவே கூடாது. நீங்கள் மணமே இல்லாத ஒரு மஞ்சள் கட்டியால் குளித்தீர்கள். தோட்டத்திலேயே கூர்மையான மூக்கு உங்களுடையது. அதற்குக் கிடைத்தது அந்த மஞ்சள் கட்டி.

ஞாயிற்றுக்கிழமைகளில் பதுளைக்குப் போவோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் விலை கூடிய சவர்க்காரங்களை ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்வீர்கள். பிரிக்க மாட்டீர்கள். அட்டைக்கு மேலாலேயே முகர்ந்து என்னிடம் சொல்வீர்கள்.

"இது மாப்பிள்ள. இன்னும் தாலி கட்டல."

"இது பேங்க் மனேஜர். கைய கழுவிக்கிட்டே இருப்பாரு."

"இந்தா, இதப் பாரு. இது மழை பேஞ்ச மண்ணுல நடந்து வர்ற ஆளு. அவசரமே இல்ல."

அதுதான் வெட்டிவேர். அதை மட்டும் இரண்டு தடவை முகர்வீர்கள்.

கடை முதலாளி கணக்குக் கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார்: "தம்பி, நீங்க மோந்தே பாதி சோப்பக் கரைச்சிட்டீங்க."

"மீதிய நீங்க வித்துக்குங்க மொதலாளி."

ஒருநாளும் வாங்கவில்லை. வீட்டில் வைத்தாலே சட்டையில் ஏறிவிடும் என்றீர்கள்.

*

அந்த வருடம் உங்களை மாதச் சம்பள ஸ்டாஃப் ஆக்கப்போகிறார்கள் என்ற பேச்சு இருந்தது. தோட்டத்துத் தொரையே சொல்லியிருந்தார். லயத்துக் காம்பராவை விட்டுத் தனி வீடு. வீட்டுக்குள்ளேயே குழாய். அக்கா எந்த மூலையில் என்ன வைப்பது என்று அப்போதே பேசிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த நான், டியூஷன் கொடுத்துச் சேர்த்த காசில் அந்த வெட்டிவேர்ச் சவர்க்காரத்தை வாங்கினேன். வேலை கிடைத்ததும் லீவு நாட்களில் போட்டுக்கொள்வீர்கள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஸ்டோருக்கு வந்தேன். நீங்கள் மேல் மாடியில் கொழுந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வாசலில் காவலுக்கு என் அப்பா. உள்ளே விட்டார். சாம்பிள் அறை திறந்திருந்தது. அலுமாரியைத் திறந்து, பைகளுக்குப் பின்னால், நீங்கள் மட்டும் கையை விடும் இடத்தில் வைத்தேன். எனக்கு விதி தெரியும். பெட்டி இருக்கிறது, அதற்கு மேல் கண்ணாடித் தாள் இருக்கிறது, போதும் என்று நினைத்தேன். திங்கள் காலை நீங்கள் கண்டெடுத்துச் சிரிப்பதை மனதில் பார்த்தபடி, மறுநாள் கெம்பஸுக்கு பஸ் ஏறிவிட்டேன்.

நீங்கள் பைகளை மட்டும் எடுத்தீர்கள். பின்னால் கையை விடவில்லை.

வியாழக்கிழமை கொழும்பிலிருந்து ஸ்டோருக்குப் போன் வந்தது. அனுப்பிய சாம்பிள் எல்லாவற்றிலும் சோப்பு வாசம். டீமேக்கர் ஐயா அலுமாரியை வெளியே இழுத்துப் போட்டார். பெட்டி விழுந்தது.

யாருடையது என்று கேட்டார்கள். உங்களுடையது என்று சொல்லிவிட்டீர்கள்.

ஏன் என்று எனக்குத் தெரியும். என் பெயரைச் சொன்னால், என்னை உள்ளே விட்டது யார் என்ற கேள்வி வரும். அப்பாவுக்கு வேலை முடிய இன்னும் இரண்டு வருடம். வேலை போனால் குடியிருக்கும் காம்பராவும் போகும். நீங்கள் அதை ஒரு நொடியில் யோசித்திருக்கிறீர்கள்.

அப்பாவுக்கும் தெரியும். அவரும் பேசவில்லை. நாம் மூன்று ஆண்கள். ஒருவருக்கொருவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

உங்களை அடுப்புக்கு விறகு தள்ளும் வேலைக்கு மாற்றினார்கள். ஸ்டாஃப் பேச்சு அத்தோடு நின்றது.

அடுத்த வாரம் அக்கா எனக்குப் போன் எடுத்தாள்.

"டேய் தம்பி, உண்மையச் சொல்லு. ஒன் மச்சானுக்கு எவ சோப்பு வாங்கிக் குடுத்தா? அந்தாளு சொந்தக் காசுல அதெல்லாம் வாங்க மாட்டாரு. ரெண்டு பேரும் ஞாயித்துக்கெழம சேந்துதான சுத்துனீங்க. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாதுக்கா," என்றேன்.

*

இரண்டு வருடத்தில் அப்பா வேலையிலிருந்து நின்றார். அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் காரணம் இல்லை. தேடிப் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை நீங்களும் நானும் பண்டாரவளை பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தோம். உங்கள் கை விரல்களில் விறகுச் செதில் குத்திய கறுப்புப் புள்ளிகள். என் பக்கம் திரும்பி மூக்கைச் சுருக்கினீர்கள்.

"தேசிக்கா. அடியில மொளகு. நல்ல சாமான்."

"மச்சான், இப்பதான் நீங்க சாம்பிள் ரூம்ல இல்லையே. நீங்களும் போடலாம்தான."

சிரித்தீர்கள். "எங்கடா. இப்ப வீட்லதான் டேஸ்டிங். ஒங்கக்கா மூக்கு கொழும்பு மூக்கு ஆயிருச்சு."

"மச்சான், அந்த…"

"ஆள் எறங்குது. அந்த சீட்டப் புடி."

என்னை உட்காரவைத்துவிட்டு, நீங்கள் முன்னால் போய் நின்றுகொண்டீர்கள். எனக்கு முதுகு மட்டும் தெரிந்தது.

போன வருடம் நெஞ்சில் சளி கட்டி, பதுளை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். கடைசியாக உங்களைக் குளிப்பாட்டும்போது யாரோ ஒரு புதுச் சவர்க்காரத்தைப் பிரித்தார்கள். "வாசம் எதுவும் வேணாம்," என்றாள் அக்கா. அழுகைக்கு நடுவே, தெளிவாக. அங்கிருந்த எல்லாரும் அதை உங்கள் பழைய வேலைக்குச் செய்த மரியாதை என்று நினைத்தார்கள். நான் உங்கள் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

*

போன ஞாயிறு அக்காவிடம் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொன்னேன். வெள்ளிக்கிழமை, அப்பா, அலுமாரி, போனில் சொன்ன பொய் எல்லாம்.

கீரை ஆய்வதை அவள் நிறுத்தவில்லை.

"நம்ம அப்பாவுக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாது."

தண்டுகளை ஒருபுறம் ஒதுக்கினாள். "நான் கேக்கறப்பல்லாம் சிரிப்பாருடா. சிரிச்சதுனாலதான் நான் நம்பல."

அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்கிட்ட சொல்லிட்ட. சரி. நான் அவருகூட சண்டையாவது போட்டேன். தர்ஷிகிட்ட போய் சொல்லு. தெனமும் அப்பா சட்டைய மோந்து பாத்துச் சொல்லுன்னு அந்தப் புள்ளயத்தான் அனுப்புவேன். ஏழு வயசுலேருந்து."

இது எனக்குத் தெரியாது, மச்சான். நீங்கள் இதையும் சொல்லவில்லை.

உங்கள் மகளுக்குப் பண்டாரவளையில் பின்னேரம் வகுப்பு. அவளை பஸ் ஏற்றிவிட, தேயிலைக்கு நடுவே கூட இறங்கினேன். பதினாலு வயது. உங்களைப் போலவே நடக்கிறாள். பாதி வழியில் சொன்னேன். நின்றுவிட்டாள். புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாதையையே பார்த்தாள்.

"புகை வாசந்தான் வரும் மாமா. எப்பவுமே. வேற ஒன்னும் வந்ததே இல்ல."

"ம்."

"ஒருநாள் மட்டும் மணக்குதுன்னு சொன்னேன்."

ஒரு புத்தகத்தின் ஓரத்தை நகத்தால் கீறினாள்.

"பதுளைக்குத் தேர் பாக்கக் கூட்டிட்டுப் போறேன்னுட்டுப் போகல. அந்தக் கோவம். சோப்பு மணக்குதும்மான்னு சொன்னேன். அன்னைக்குத்தான் அம்மா என்னையும் இழுத்துக்கிட்டு பூனாகலைக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போனது. ஒரு மாசம்."

அந்த மாதம் எனக்கு நினைவிருந்தது. "எல்லாம் விருந்துக்குப் போயிருக்காங்க," என்று போனில் சொன்னீர்கள். நீங்களே சமைப்பதாகவும், சோறு குழைந்துவிடுவதாகவும் சொன்னீர்கள்.

"நான் பொய் சொன்னேன்னு அப்பாவுக்குத் தெரியுமா மாமா?"

அட்டைக்கு மேலால் முகர்ந்தே ஆளைச் சொல்பவர் நீங்கள். உங்கள் சட்டையில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரியாது என்ற சொல் என் வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"தெரிஞ்சிருக்கும்," என்றேன்.

"பின்ன ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

"ஒனக்கு அடி விழும்னு."

அது என் ஊகம்தான். ஆனால் என் விஷயத்தில் நீங்கள் செய்ததும் அதுதானே. அவள் ஒரு கொழுந்தைக் கிள்ளி, கசக்கி, கீழே போட்டாள். பிறகு நடந்தாள். நானும் நடந்தேன். ஒரே மனிதர் காப்பாற்றிவிட்ட இரண்டு பேர். அது சுகமான உணர்வு இல்லை, மச்சான். வைத்துக்கொள்ளத் தெரியாத ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

பஸ் வந்தது. படியில் ஏறியவள் திரும்பினாள்.

"இன்னும் ஏதாவது ஒளிச்சு வச்சிருந்தா இப்பவே சொல்லிருங்க மாமா."

"இல்ல," என்றேன்.

பஸ் வளைவில் மறையும்வரை நின்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.