பட்டனில் கட்டிய ட்யூப் ரப்பர்

மச்சான்,

மேசை டிராயரைத் திறந்தால் இன்னும் சைக்கிள் ட்யூப் நாற்றம்தான். உன் படகோடு கரை ஒதுங்கிய வாக்கிடாக்கி. பேசும் பட்டனைச் சுற்றிய ரப்பர் உருகி, பிசுபிசுவென்று ஒட்டிக் கிடக்கிறது. தூக்கி எறியலாம் என்றுதான் இன்று திறந்தேன்.

நேற்று பொன்னேரி கல்லூரியில் ஒரு கூத்து. செட் ரிப்பேர்காரன் என்று என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். கோட்டு போட்ட ஒருவர், ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் ஒரு கருவியைக் காட்டினார். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டாமாம். அதே அலைவரிசையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பேச்சு போகுமாம். தான் கத்துவது என்னவென்று கருவிக்கே தெரியும். அதைக் கழித்துவிட்டு, தூரத்திலிருந்து வரும் மெல்லிய குரலைக் கேட்கிறது. "மீனவர்களுக்கு வரப்பிரசாதம்" என்றார், ஏரிச் சேற்றில் கால் வைக்காத அந்த மகான். கைதட்டல் வேறு! எனக்குச் சிரிப்பு வந்தது. தன் சத்தத்தைக் கழிக்க மெஷினுக்குத் தெரிகிறது. உனக்குத் தெரிந்ததா?

செத்தவனைத் திட்டக் கூடாதாம். போடா. நம் கோட்டைக்குப்பத்துப் படகுகள் அத்தனைக்கும் ஒரே சேனல், அதில் உன் வாய் மட்டும் ஓடும். தனியாளாக வலை இழுக்கையில் பட்டனை அழுத்தக் கை இல்லை என்று ரப்பர் கட்டிக்கொண்டாய், பிறகு அவிழ்க்கவே இல்லை. பட்டன் அழுந்தியிருக்கும்வரை நம்ம செட்டு பேசும், எதையும் கேட்காது. "யோவ், பட்டன வுடு, நாங்களும் பேசணும்" என்று சண்டைக்கு வந்தவர்களிடம், "நான் பேசறத கேக்கத்தான்டா உங்களுக்கு செட்டு" என்றாய். பெரிய துரை!

அன்று, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் அலை உடைவதைக் கரையிலிருந்து பார்த்தேன். "உள்ள வராத மச்சான், வெளியவே நில்லு" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கத்திவிட்டுப் பட்டனை விட்டால் உன் பெருமைதான் கேட்டது. "இன்னிக்கு எறால பாத்தா வாய பொளந்துடுவ மச்சான், உன் மூஞ்சிய..."

அதோடு நின்றது.

ரப்பர் கட்டிக்கொண்டாய் என்று மேலே எழுதினேன். பொய். என் கடையில் ட்யூபை வெட்டி இறுக்கிக் கட்டியவன் நான். "இப்ப ரெண்டு கையும் ஃப்ரீ, எப்டி நம்ம மூளை?" என்று பீற்றிக்கொண்டவனும் நான்தான். த்தூ.

சற்று முன் உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, கடைக்கு வந்தாள். மேசைமேல் எடுத்து வைத்திருந்த உன் செட்டை எடுத்துத் தடவிப் பார்த்தாள்.

"இந்த ரப்பர யாருண்ணா கட்டினது?"

"அவன்தாம்மா. சொன்னா கேப்பானா?"

நீ பதில் பேச மாட்டாய் என்ற தைரியத்தில்தான் சொன்னேன், மச்சான்.