பத்து அங்குலத் திரை

3 ஆகஸ்ட் 2009, திங்கள்

தபால் பை இன்று பதினொரு மணிக்குத்தான் வந்தது. எட்டயபுரம் பஸ் வழியில் நின்றுவிட்டதாம். கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டே இருந்தாலும் மனமெல்லாம் பிரியா காலையில் சொன்னதிலேயே இருந்தது. பள்ளிக்கூடம் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு ஒரு லேப்டாப் வேணும்மா. சின்னதா, விலை கம்மியா இருந்தாப் போதும்."

பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் பிரிவு எடுத்திருக்கிறாள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் எதையும் வாய்விட்டுக் கேட்கிற பிள்ளை இல்லை அவள். செருப்பு வார் அறுந்தால்கூட ஊக்கைக் குத்திக்கொண்டு போவாள். அதுதான் என்னவோ போல இருக்கிறது.

5 ஆகஸ்ட், புதன்

ஆட்டை அடைத்துவிட்டு வந்த அவரிடம் சொன்னேன். உடனே சரி என்றார். ஆனால் லேப்டாப் வேண்டாமாம்.

"மேசையில வைக்கிற பெரிய கம்ப்யூட்டரா வாங்குவோம். கண்ணாடி போட்ட பிள்ள. திரை பெருசா இருந்தாத்தான கண்ணுக்கு நல்லது?"

அதுவும் சரிதான். ஆனால் காலையும் மாலையும் கரண்ட் இருப்பதில்லையே. பிரியா குறுக்கே வந்து, "கையில தூக்குற மாதிரிதான் வேணும்ப்பா" என்றாள். ஏன் என்று கேட்டதும் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாள்.

9 ஆகஸ்ட், ஞாயிறு

பணம் இருக்கிறது. போன மாதம் கிடாய் விற்றது அப்படியே கிடக்கிறது. என் கவலை வேறு.

கணக்கில் மார்க் குறைந்துவிட்டது. விடைத்தாளில் "கவனக்குறைவு, கேள்வியையே தவறாக எழுதியிருக்கிறாள்" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. எட்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. இரண்டு வருடத்தில் மூன்று தடவை கண்ணாடி மாற்றியாயிற்று. இன்னும் என்ன கவனக்குறைவு? பேசும்போது முகத்தைப் பார்ப்பதும் இல்லை, என் காதைப் பார்த்துப் பேசுகிறாள். இன்று திட்டிவிட்டேன். "மூஞ்சியப் பாத்துப் பேசுட்டி. என்னத்த மறைக்க?"

ஒன்றுமில்லை என்றாள். எதற்காக ஒளித்து வைக்கிற அளவில் ஒரு லேப்டாப் வேண்டும்? யாரோடாவது எழுதிப் பேசுவதற்கா? இப்போதுதான் ஊருக்கு ஊர் கேள்விப்படுகிறோமே.

16 ஆகஸ்ட், ஞாயிறு

அவள் குளிக்கப் போனபோது புத்தகப் பையைச் சோதித்தேன். சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. நோட்டில் மட்டும் பாதிப் பக்கங்கள் வேறு யாரோ எழுதியது. பக்கத்தில் உட்காரும் பிரிஸ்கில்லாவின் கையெழுத்தாக இருக்கும். கரும்பலகையைப் பார்த்து எழுதக்கூடச் சோம்பல்.

மகள் பையைத் திறந்து பார்த்தேன் என்று எழுதவே கூசுகிறது.

22 ஆகஸ்ட், சனி

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

மூன்று பேரும் கோவில்பட்டி போனோம், எபநேசர் அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் கடைக்கு. அவர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பெரியது, பழசு, சரிபண்ணியது. இன்னொன்று பத்து அங்குலத் திரை வைத்த புதுசு; சிலேட்டைவிடக் கொஞ்சம் பெரிது. விலை இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"சின்னதுல சிடி போட முடியாது தங்கச்சி. பென் டிரைவ்தான். எழுத்து வேலைக்குப் போதும். கனமான படமெல்லாம் ஓட்டுனா திணறும்" என்று உள்ளதைச் சொன்னார்.

இவிய, பிரியாவின் அப்பா, பெரியதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், கரிசல் தூசி உள்ளே போகுமா என்று நான் அண்ணாச்சியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். தற்செயலாகத் திரும்பினேன்.

பிரியா அந்தச் சின்னதை இரண்டு கையாலும் தூக்கி முகத்துக்கு நேரே வைத்திருந்தாள். மூக்குக்கும் திரைக்கும் நடுவே நாலு விரல்கடைதான் இருக்கும். கண்ணாடியைக் கழற்றிவிட்டிருந்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்தாள். திரையில் ஒவ்வொரு எழுத்தும் என் கட்டைவிரல் அளவு. வரிக்கு இரண்டு வார்த்தை. அதை உதடு அசைய, எழுத்துக் கூட்டுகிற சின்னப் பிள்ளை மாதிரி...

நான் பார்ப்பதே அவளுக்குத் தெரியவில்லை. மூன்றடி தூரத்தில் நிற்கிறேன், அவளுக்குத் தெரியவில்லை.

"இது போதும்மா" என்றாள், நான் நின்றிருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்து.

அடுத்த வாரம் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்துக் கேட்டேன்.

"எப்ப இருந்துட்டி?"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எட்டாங் கிளாஸ்ல இருந்து. நேரே பாத்தா நடுவுல அழிஞ்ச மாதிரி இருக்கும். சைடுல பாத்தாத் தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வேலுத்தாய் அத்தை மாதிரின்னு ஆயிரும். அவியள மாதிரி என்னையும் வீட்டுல வச்சிருவீங்க."

வேலுத்தாய் மதினி இவியளுக்கு அக்கா. குளத்தூரில் இருக்கிறாள். பதினைந்து வயதில் பார்வை குறைய ஆரம்பித்தது. யாரும் எங்கும் கூட்டிப் போகவில்லை. படிப்பை நிறுத்தினார்கள். அவ்வளவுதான்.

மூணு வருடமாப் பிள்ள ஓரக்கண்ணால என் முகத்தத் தேடியிருக்கா. நான் என்னடான்னா மூஞ்சியப் பாத்துப் பேசுன்னு... தாயா நான்?

23 ஆகஸ்ட், ஞாயிறு

அவர் காலையிலிருந்து சாப்பிடவில்லை. சாயங்காலம் சொன்னார்: "அக்காவத்தான் விட்டுட்டோம். இவள விடக்கூடாது. மதுரைக்குப் போவோம்."

31 ஆகஸ்ட், திங்கள்

மதுரை கண் ஆஸ்பத்திரி. காலை ஏழு மணி முதல் மூன்று மணி வரை. சொட்டு மருந்து விட்டு, படம் எடுத்து, திரும்பவும் சொட்டு மருந்து. கடைசியில் பெரிய டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். நல்லதையும் கெட்டதையும் ஒரே குரலில் சொன்னார்.

விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு வருகிறது. பரம்பரையாக வருவது. கண்ணாடிக்கும் ஆபரேஷனுக்கும் கேட்காது. பார்வை இன்னும் கொஞ்சம் குறையலாம். ஆனால் முழுக்க இருட்டாகாது, ஓரப்பார்வை பெரும்பாலும் நிற்கும்.

நான் அழுதுகொண்டிருந்தேன். பிரியா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கம்ப்யூட்டர்ல எழுத்தப் பெருசாக்கி, பக்கத்துல வச்சுப் படிச்சா கண்ணு இன்னும் கெட்டுப்போகுமா டாக்டர்?"

"அதனால கெடாதும்மா. எவ்வளவு வேணும்னாலும் படி."

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. இவ்வளவு நாள் அந்தப் பயத்தோடேதான் படித்திருக்கிறாளா?

5 செப்டம்பர், சனி

எங்களிடம் சொல்லாமலே அவர் கோவில்பட்டி போய் வாங்கிவந்துவிட்டார். சின்னதுதான். துண்டில் சுற்றி மடியில் வைத்தே கொண்டுவந்திருக்கிறார்.

"கடையில கொஞ்ச நேரம் மூஞ்சிக்கு நேரா தூக்கியே வச்சுப் பாத்தேன். கை வலிக்கல. பெருசத் தூக்குனேன், அஞ்சு நிமிசத்துல வலிச்சுட்டு."

பிரியா சிரித்தாள். அவர் வெளியே போய்விட்டார். வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார்.

14 செப்டம்பர், திங்கள்

தலைமையாசிரியையைப் பார்த்தேன். லேப்டாப்பை வகுப்புக்குக் கொண்டுவர அனுமதிக்கத் தயங்குகிறார். "ஒருத்திக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. விவரமா எழுதிக் குடுங்க, பாக்கேன்." கம்ப்யூட்டர் எடுக்கிற மேரிராணி டீச்சர் வராந்தா வரை கூட வந்து, "எழுதிக் குடுங்கம்மா. பாடத்த நான் பென் டிரைவ்ல போட்டுத் தாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுத வேண்டும்.

27 செப்டம்பர், ஞாயிறு

இன்னும் எழுதவில்லை. ஊர்க்காரர்களுக்கு எத்தனை மனு எழுதிக் கொடுத்திருப்பேன். இதில் "என் மகளுக்கு" என்பதற்கு மேல் பேனா நகர மறுக்கிறது. எழுதிவிட்டால் நிஜமாகிவிடும். பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். நாளைக்குக் கல்யாணம் என்று வரும்போது?

அவள் கேட்கவும் இல்லை. அதுவும் பயமாக இருக்கிறது.

14 அக்டோபர், புதன்

நேற்று நல்ல மழை. அவர் விடியுமுன்பே உளுந்து விதைக்கப் போய்விட்டார்.

பிரியா கூப்பிட்டாள் என்று நான் தபாலாபீசுக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு கோவில்பட்டி போனேன். மனுவை அவளே அடித்துவிட்டாளாம். பஸ்ஸில் வைத்துத்தான் சொன்னாள். எபநேசர் அண்ணாச்சி கடையில் பென் டிரைவைக் கொடுத்து ஒரு பிரதி எடுத்தோம்.

வாங்கிப் படித்தேன். முதல் வரியிலேயே இருந்தது: "எனக்குப் பார்வைக் குறைபாடு உள்ளது." எனக்கு ஒரு மாதமாக வராத வரி. அதற்குப் பிறகு முன்வரிசை இடம், பெரிய எழுத்தில் வினாத்தாள், பரீட்சையில் கூடுதல் நேரம், வகுப்பில் லேப்டாப். எங்கேயும் கெஞ்சவில்லை.

எழுத்து சாதாரண அளவில் இருந்தது. "இது உனக்குத் தெரியாதே?" என்றேன்.

"பெருசாத்தான் வச்சு அடிச்சேன். படிக்கப்போறது அவியதான? அதான் கடைசியில சின்னதாக்கிட்டேன்."

அங்கிருந்து நேரே பள்ளிக்கூடம் போனோம். தலைமையாசிரியையின் அறை வாசலில் பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, "கையெழுத்து போடுற இடத்துல விரல வைங்கம்மா" என்றாள்.

வைத்தேன். என் விரலை ஒட்டி மா. கிருஷ்ணப்ரியா என்று முழுசாக எழுதினாள். வரியை விட்டுச் சற்று மேலே ஏறிவிட்டது. அதற்குக் கீழே நான் ராதாமணி என்று போட்டேன்.

கதவைத் தட்டியது அவள்தான்.