எழுத்து பெயர்ந்த பலூன்கள்

அன்பானவருக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலத்தையும், அந்தத் தீவில் உங்களோடு இருக்கும் காற்று மழையின் நலத்தையும் அறிய ஆவல்.

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் போடாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். வானிலை நிலையத்தில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடட்டுமா வேண்டாமா, நீ சொல்வதுதான் முடிவு என்று எழுதியிருந்தீர்கள். பொறுப்பைத் தூக்கி என் தலையில் கட்டிவிட்டு நீங்கள் பாட்டுக்கு அங்கே மேகம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் தினம் பேனாவை எடுப்பதும் மூடுவதுமாக இருந்தேன். இன்றைக்கு எழுதிவிடுவேன். ஆனால் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் குறையொன்றும் இல்லை. சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது. உங்கள் தங்கைதான் அவள் வீட்டிலிருந்து லிஃப்டுக்குப் போடும் எதையோ கொண்டுவந்து அடைத்தாள். இப்போது தண்ணீர் ஒழுகவில்லை, வரவும் இல்லை. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்கத் தெரிந்தவளுக்கு ஒரு குழாய் மசியமாட்டேன் என்கிறது. இதைச் சொன்னால் அண்ணனிடம் கோள் மூட்டாதே என்பாள், அதனால் நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். எனக்கு வேலை அதிகம். ஊரில் யாருக்கும் சொந்தப் பல் இல்லையோ என்று தோன்றும் அளவுக்குப் பல் செட்டுகள் வந்து குவிகின்றன. நாள் முழுக்க யாரோ ஒருவருடைய சிரிப்பைச் சாணை பிடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன்.

நம் 'ஏழாம் மாடி அணி' சித்திரக்கதையின் புது இதழ் வந்துவிட்டது. உங்கள் பிரதியை அன்றைக்கே பொட்டலம் கட்டித் தபால் கப்பலில் ஏற்றிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அது உங்கள் கைக்கு வந்திருக்கும். படித்திருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் கதையைச் சொல்கிறேன். படிக்கவில்லை என்றால் இந்த இடத்திலேயே நிறுத்தி, படித்துவிட்டு வாருங்கள்.

சனிக்கிழமை வாசிப்புக் கூட்டம் முன்போலவே சலவைக் கடைக்கு மேலே உள்ள அறையில்தான். கீழேயிருந்து வரும் நீராவியில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் மங்கி, தெரு எங்கோ தூரத்தில் இருப்பதுபோல் தெரிகிறது. சோப்பு வாசனையில் எல்லோருக்கும் பாதித் தூக்கம், ஆனாலும் சண்டைக்குக் குறைச்சலில்லை. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் இன்னும் வேகக் கட்சிதான். கதை நகர வேண்டும், நின்றால் அவருக்குக் கால் நமைக்கும். நான் வசனக் கட்சி. நீங்கள் போன பிறகு ஓவியக் கட்சிக்குச் சலவைக்கடை அக்கா ஒருத்திதான் மிச்சம். அவள் ஒரு படத்தைப் பார்க்க ஆரம்பித்தால் இஸ்திரி போடுகிற மாதிரி மூலை விடாமல் பார்க்கிறாள். உங்கள் தங்கைக்குக் கட்சி கிடையாது, யார் தோற்கிறார்களோ அவர்களைக் கிண்டல் செய்வதுதான் வேலை.

நீங்கள் ஆரம்பித்து வைத்த ஊமை வாசிப்பையும் நாங்கள் விடவில்லை. நல்ல ஓவியம் என்றால் வசனத்தை மறைத்தாலும் கதை புரிய வேண்டும் என்று சண்டை போட்டு நீங்கள் கொண்டுவந்த சட்டமாயிற்றே. புது இதழ் வந்ததும் யாரும் படிப்பதற்கு முன்னால் வசனம் இருக்கும் பலூன்கள் மேலெல்லாம் சீட்டு ஒட்டி, முதலில் படத்தை மட்டும் பார்த்துப் பேசி முடித்துவிட்டு, அப்புறம் சீட்டை உரித்து வசனத்தைப் படிக்கிறோம். கை நேர்த்தியானவள் என்று ஒட்டுகிற வேலை என்னிடம்தான். இந்த முறை லேசாக ஒட்டிக்கொள்கிற சீட்டு தீர்ந்துபோயிருந்தது. பல் செட் டப்பாக்களில் ஒட்டும் லேபிள் கைப்பையில் இருந்தது, அதை வெட்டி ஒட்டினேன். வெந்நீரில் போட்டாலும் வராத லேபிள் அது. உரித்தபோது, பலூனில் இருந்த எழுத்தெல்லாம் காகிதத் தோலோடு கழன்று லேபிளுடன் வந்துவிட்டது. படம் அப்படியே இருக்கிறது, பேச்சு மட்டும் இல்லை. பல்லைப் பிடுங்குறவங்க கையில புத்தகத்தைக் கொடுத்தா இப்படித்தான் ஆகும் என்றார் கண்ணாடிக் கடைக்காரர். நான் பல் பிடுங்குபவள் இல்லை, பல் செய்பவள் என்று அவருக்கு எத்தனை தடவைதான் சொல்வது.

எங்களிடம் இருந்தது அந்த ஒரு பிரதிதான், கடைக்கு ஓடினோம். ஒரு பிரதிகூட மிச்சமில்லை. வேறு வழியில்லாமல், படிக்காத வசனத்தைப் பற்றியே சண்டை போட உட்கார்ந்தோம்.

உங்களுக்குத்தான் தெரியுமே, இந்த இதழில் அணியை விட்டு இடிதாங்கி போகிறான். வானத்தின் விளிம்பில் மின்னல் ஓயாமல் விழ ஆரம்பித்துவிட்டது. யாராவது அங்கேயே நின்று அதை உடம்பில் வாங்கிக்கொண்டால்தான் ஊர் பிழைக்கும். அதற்கு அவனை விட்டால் ஆள் கிடையாது. அவன் கிளம்புவதை மட்டும் எட்டுப் பக்கத்துக்கு வரைந்திருக்கிறார்கள். தண்ணீர் குடிக்கிறான். துவைத்த சட்டையை மடிக்கிறான். ஷூ கயிறு கட்டுகிறான். அதே அணியில் காற்றையே கையில் சுழற்றுகிற காற்றாடி, கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடைசிப் பக்கம் முழுக்க அந்தக் கதவும் அவளும்தான். அவள் வாயருகே சின்னதாக ஒரு பலூன். அதற்குள்தான் எழுத்து போய்விட்டது.

ஒரு ஷூவைக் கட்ட எட்டுப் பக்கமா, பழைய இதழாக இருந்தால் இதற்குள் இரண்டு ஊரைக் காப்பாற்றியிருப்பான் என்று கண்ணாடிக் கடைக்காரர் கொதித்தார். அவசரப்பட்டால் படம் தெரியாது என்று அக்கா புத்தகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினாள். காற்றாடியின் கை தாழ்ப்பாளின் மேல் இருக்கிறது. கட்டத்துக்குக் கட்டம் விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகின்றன. நாங்கள் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. சரி, அவள் என்னதான் சொல்லியிருப்பாள் என்று பேச்சு வந்தது. ஜெயிச்சுட்டு வா என்பாள் என்றார் வேகக் கட்சிக்காரர். மழை வரும், தலையை நனைச்சுக்காதே என்பாள் என்றாள் அக்கா. வரும்போது பால் வாங்கிட்டு வந்துடு என்பாள் என்றாள் உங்கள் தங்கை. எல்லோரும் சிரித்துவிட்டு, வசனக் கட்சி வாயைத் திறக்கட்டும் என்று என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரு மாதிரியாகவே இருந்தது. பஸ்ஸுக்கு நிற்கும்போது முன்னால் நிற்பவர்களின் தலைக்கு மேலெல்லாம் வெள்ளைப் பலூன் மிதப்பதுபோல் தோன்றும். மருந்துக்கடைக்காரர் சில்லறை கொடுக்கும்போது அவர் உதடு அசைகிறது, பலூன் எழும்புகிறது, உள்ளே எழுத்து இல்லை. வேலையில், வரிசையாக வைத்த பல் செட்டுகள் ஒவ்வொன்றும் ஏதோ சொல்லப்போவதுபோல் லேசாகத் திறந்திருந்தன. ஒரு நாள் கனவில் நான் அந்த எட்டுப் பக்கத்துக்குள்ளேயே நடந்தேன். காலடியில் மேகம், துவைத்துப் பிழியாத போர்வை மாதிரி ஈரமாக இருந்தது. முன்னால் நீங்கள் போய்க்கொண்டிருந்தீர்கள். கூப்பிட்டேன். சத்தம் வரவில்லை. வாயிலிருந்து ஒரு வெற்றுப் பலூன் மட்டும் கிளம்பி உங்கள் பக்கம் மிதந்து வந்தது. நீங்கள் நின்று, அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல் நிதானமாகப் படித்தீர்கள். முகத்தில் சிரிப்பா வருத்தமா என்று பார்ப்பதற்குள் விழித்துவிட்டேன். நீங்கள் என்ன படித்தீர்கள் என்று எழுந்த பிறகும் வெகுநேரம் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

போன சனிக்கிழமை கண்ணாடிக் கடைக்காரர் வெற்றி வீரர் மாதிரி வந்தார். கண் பரிசோதனைக்கு வந்த ஒருவரிடம் நல்ல பிரதி இருந்ததாம். கெஞ்சி இரவல் வாங்கி வந்திருக்கிறார். எல்லோரையும் உட்காரவைத்து அந்தப் பலூனைச் சத்தமாகப் படித்தார். "நீ போ. நாங்க பாத்துக்கறோம்." அவ்வளவுதான். கண்ணாடிக் கடைக்காரர் மூக்கை உறிஞ்சினார். எட்டுப் பக்கத்தையும் மன்னித்துவிட்டேன் என்றார். உங்கள் தங்கைகூடக் கிண்டல் செய்யவில்லை.

எனக்கு மட்டும் அப்படி ஒரு கோபம் வந்தது. அந்த வசனகர்த்தாவுக்காக எத்தனை வருஷமாக உங்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அவரையே அன்றைக்குக் கிழித்துப் போட்டேன். கை தாழ்ப்பாளை விடமாட்டேங்குது, வாய் மட்டும் போன்னு சொல்லுது, ஓவியர் ஒண்ணு சொன்னா இவர் இன்னொண்ணு எழுதுறார், ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லையா என்று கத்திவிட்டேன். கீழே இயந்திரம் ஓடும் சத்தம்தான் கேட்டது. சலவைக்கடை அக்கா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, ரெண்டும் அவதானேடி சொல்றா என்றாள்.

ஜன்னலில் படிந்திருந்த ஆவியைத் துடைப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டேன்.

கப்பல்துறையில் நீங்கள் கிளம்பியபோது நான் சொன்னதும் அதே வார்த்தைதான். போங்க, இங்க நான் பாத்துக்கறேன் என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அப்போது உங்கள் பெட்டியின் கைப்பிடியில் உங்கள் கையோடு என் கையும் இருந்தது. ஏற வேண்டியவர்கள் எல்லோரும் ஏறிய பிறகும் நான் அதை விடவில்லை. நீங்கள்தான் என் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் போனீர்கள். படத்தைப் பார், பலூனை நம்பாதே என்று காலமெல்லாம் எங்களுக்குப் பாடம் நடத்திய ஓவியக் கட்சிக்காரரே, அன்றைக்கு மட்டும் ஏன் வசனத்தைப் படித்துவிட்டுப் போனீர்கள்?

கோபமாகக் கேட்கவில்லை. உங்களுக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லும் புயல் எச்சரிக்கையை நம்பித்தான் படகுகள் கரையில் நிற்கின்றன என்பதும் தெரியும். அதனால்தான் முந்தைய கடிதங்களில் வேறு ஏதேதோ எழுதினேன். வீட்டில் எல்லாம் சௌகரியம் என்றேன். அது பொய் இல்லை. குழாய் ஒழுகினால் அடைக்கிறோம், விளக்கு அணைந்தால் மாற்றுகிறோம், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளத்தான் செய்கிறோம். ஆனால் சாயங்காலம் வேலை விட்டு வந்து கதவைத் திறந்தால், நான் காலையில் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே எல்லாம் இருக்கிறது. ஒரு செருப்புகூட இடம் மாறியிருப்பதில்லை. அதை என்னால் இன்னும் இரண்டு வருஷம் பார்க்க முடியாது.

இடிதாங்கி போகாவிட்டால் ஊரே அழிந்துவிடும். உங்கள் இடத்துக்கு வர ஒருவர் தயாராக இருக்கிறார், அவருக்கும் மேகம் பார்க்கத் தெரியும் என்று நீங்களே உங்கள் கடிதத்தில் ஓர் ஓரமாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பார்க்கட்டும். நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: கையெழுத்துப் போடாதீர்கள். இதைச் சிரித்துக்கொண்டு எழுதவில்லை.

கடல் உங்களுக்கு அமைதியாக இருக்கட்டும். காற்று இந்தப் பக்கமாகவே வீசட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், நனைந்த சட்டையோடு உட்காராதீர்கள். இதற்குப் பதில் எழுத வேண்டாம். அடுத்த கப்பலில் உங்கள் கடிதம் வந்தால் நான் வாங்கமாட்டேன். நீங்கள் வாருங்கள்.

இப்படிக்கு,
கப்பல்துறையில் நிற்கப்போகும்
உங்கள் மனைவி